கம்ப்யூட்டர் உள்ள வீட்டுக்கு எந்த சிற்றலை ரேடியோ?

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. பாட்டு, செய்தி, சினிமா எல்லாம் மானிட்டரிலேயே கிடைக்கின்றன. இனிமேல் ரேடியோ எதற்கு என்று புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள்.

நான் இருக்கும் குயிலாப்பாளையத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் புயல் காலத்தில் கிடைக்கும். மரக்காணம் உப்பளங்களில் இருந்து புதுச்சேரி வரை நீளும் எங்கள் கடலோரத்தை 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் தாக்கியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அப்போது 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. இப்படிப்பட்ட நாள்களில் என்ன நடக்கும்? முதலில் கரண்ட் போகும். உடனே மோடம் அணையும். யுபிஎஸ் சில நிமிடங்கள் தாங்கும். செல்போன் டவரின் பேட்டரி தீர்ந்ததும் செல்போனும் வெறும் டார்ச் லைட் ஆகிவிடும். அந்த நேரத்தில் வெளியில் என்ன நடக்கிறது என்று சொல்லக்கூடியது செல் போட்ட ரேடியோ மட்டுமே.

அந்த ரேடியோவை வாங்கும்போது, சிற்றலையும் கேட்கக் கூடியதாக வாங்கினால் மற்ற நாள்களில் உலகத்தையே கேட்கலாம். கையில் எடுத்துச் செல்லும் சிறிய பெட்டி வாங்குவதா, மேசையில் வைக்கும் பெரிய பெட்டி வாங்குவதா? எந்தெந்த வசதிகளைப் பார்க்க வேண்டும்? வீட்டில் உள்ள கம்ப்யூட்டர் இதற்கு உதவியா, தொந்தரவா? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சிற்றலை என்பது என்ன?

ரேடியோவில் நாம் பயன்படுத்தும் அலைகள் மூன்று. பண்பலை எனப்படும் எப்.எம். ஒலிபரப்பு தெளிவாக இருக்கும். ஆனால் பல பத்து கிலோமீட்டர் தூரத்தோடு நின்றுவிடும். மத்திய அலை பகலில் நிலத்தை ஒட்டிச் செல்லும். இரவில் வானத்தில் பட்டுத் திரும்பி அதிக தூரம் போகும். சிற்றலை எனப்படும் ஷார்ட்வேவ், பூமிக்கு மேலே உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, மீண்டும் தரையில் பட்டு எழும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்யும்.

சிற்றலையில் நிலையங்கள் எல்லா இடத்திலும் பரவியிருப்பதில்லை. 'மீட்டர் பேண்ட்' எனப்படும் சில பகுதிகளில் கூட்டமாக இருக்கும். முக்கியமானவை இவை:

49 மீட்டர்: 5900 முதல் 6200 கிலோஹெர்ட்ஸ்
41 மீட்டர்: 7200 முதல் 7450 கிலோஹெர்ட்ஸ்
31 மீட்டர்: 9400 முதல் 9900 கிலோஹெர்ட்ஸ்
25 மீட்டர்: 11600 முதல் 12100 கிலோஹெர்ட்ஸ்
19 மீட்டர்: 15100 முதல் 15800 கிலோஹெர்ட்ஸ்

இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். 300 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் கிடைத்துவிடும். 9.5 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஏறக்குறைய 31 மீட்டர். பொதுவாக, 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளவை பகலிலும், கீழ் உள்ளவை இரவிலும் நன்றாகக் கேட்கும்.

இன்று என்ன கேட்கலாம்?

உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. சிற்றலையின் பொற்காலம் முடிந்துவிட்டது. 1941 மே மாதம் தொடங்கிய பிபிசி தமிழோசை, 2017 ஏப்ரல் 30 அன்று தன் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு ஜனவரி 31 அன்று ரேடியோ ஆஸ்திரேலியாவும் சிற்றலையை விட்டு விலகியது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிற்றலை என்றதும் நினைப்பது இலங்கை வானொலியை. 1925ல் கொழும்பில் தொடங்கி, 1949ல் ரேடியோ சிலோன் என்றும், 1967ல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்றும் பெயர் மாறிய அந்த நிலையத்தின் தமிழ் நிகழ்ச்சிகளுக்காகவே தமிழ்நாட்டில் ரேடியோ வாங்கியவர்கள் ஏராளம்.

ஆனாலும் சிற்றலை செத்துவிடவில்லை. சீனம் முதல் ஐரோப்பா வரை பல நாட்டு நிலையங்கள் ஆங்கிலம், இந்தி உள்ளிட்ட மொழிகளில் வருகின்றன. அமெச்சூர் ரேடியோ நண்பர்கள் பேசிக்கொள்வதையும் கேட்கலாம். ஆக, 'தமிழ் நிகழ்ச்சி 24 மணி நேரமும் வரும்' என்று யாராவது சொல்லி விற்றால் வாங்காதீர்கள். உலகத்தைத் தேடிப் பிடிக்கும் ஆசையும், புயல் நாளில் பண்பலையும் மத்திய அலையும் கேட்கும் தேவையும் இருந்தால் வாங்குங்கள். புயல் அறிவிப்பு சிற்றலையில் வராது; புதுச்சேரி வானொலியின் 102.8 போன்ற உள்ளூர்ப் பண்பலையிலும் மத்திய அலையிலும்தான் வரும். எனவே சிற்றலை ரேடியோ வாங்கும்போதும் அந்த இரண்டு அலைகளும் நன்றாக எடுக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

கையடக்கப் பெட்டியா, மேசைப் பெட்டியா?

மேசைப் பெட்டி என்றால் ஒரே இடத்தில் நிலையாக வைத்துக் கேட்பது. உதாரணத்துக்கு ஐகாம் நிறுவனத்தின் ஐசி-ஆர்75 என்ற மாடலைச் சொல்லலாம். இப்போது தயாரிப்பில் இல்லை. பழையது மட்டுமே கிடைக்கும். இப்படிப்பட்ட பெட்டிகளின் பலம் மூன்று. பெரிய குமிழைத் திருகி மெதுவாகத் தேடலாம். பக்கத்து நிலையத்தை நன்றாக ஒதுக்கித் தள்ளும். நீளமான ஏரியல் கம்பியை மாட்டினாலும் திணறாது.

அதன் பலவீனமும் மூன்று. முதலாவது, அடாப்டர் வழியாக மின்சாரம் வேண்டும். கரண்ட் போனால் அதுவும் போச்சு. இரண்டாவது, வெளியே நல்ல ஏரியல் கட்டாவிட்டால் கொடுத்த காசு வீண். மூன்றாவது, மேசைப் பெட்டியைப் பெரும்பாலும் கம்ப்யூட்டர் மேசையில்தான் வைப்போம். அதுதான் வீட்டிலேயே இரைச்சல் மிகுந்த இடம். இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கையடக்கப் பெட்டி செல்லில் ஓடும். தோப்புக்கும் மாடிக்கும் கடற்கரைக்கும் எடுத்துப் போகலாம். ஆனால் நீளமான கம்பியை மாட்டினால் பலமான நிலையங்கள் எல்லா இடத்திலும் தலைகாட்டிக் குழப்பும்.

எங்கள் பகுதிக்கு என்று ஒரு தனி லாபம் இருக்கிறது. கடல் நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். காய்ந்த மண்ணோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். உப்பளத்தில் தேங்கும் நீர் இன்னும் அதிகம் கடத்தும். மத்திய அலை கடல்மேல் வரும்போது பலம் குறையாமல் வருவதற்கு இதுதான் காரணம். குயிலாப்பாளையம் கடலில் இருந்து சற்று உள்ளே தள்ளி, செம்மண்ணும் முந்திரித் தோப்பும் உள்ள மேட்டில் இருக்கிறது. அங்கே பகலில் முனகலாகக் கேட்கும் மத்திய அலை நிலையம், பொம்மையார்பாளையம் கடற்கரை மணலில் உட்கார்ந்து கேட்டால் பளிச்சென்று கேட்கும். இந்த லாபத்தை அனுபவிக்க ரேடியோவை நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மேசைப் பெட்டியால் அது முடியாது.

ஆகவே முதல் ரேடியோ வாங்குபவர்களுக்கு என் ஆலோசனை, கையடக்கப் பெட்டி. ஆசை வளர்ந்த பிறகு, தனி அறையும் மாடியில் ஏரியல் கட்ட இடமும் இருந்தால் மேசைப் பெட்டிக்குப் போகலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய 7 வசதிகள்

1. டிஜிட்டல் டியூனிங்: எண்களை அழுத்தி நேராக நிலையத்துக்குப் போகும் வசதி. பழைய முள் ரேடியோவில் 9 ஆயிரமும் 10 ஆயிரமும் ஒரு விரல் அகலத்தில் அடங்கிவிடும். பட்டியலில் பார்த்த அலைவரிசையைச் சரியாகப் பிடிக்க எண் பலகை வேண்டும்.

2. மத்திய அலையில் 9 கிலோஹெர்ட்ஸ் படி: இந்தியாவில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் உள்ளன. சென்னையின் 720, திருச்சியின் 936 போன்ற எண்களை 9 ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி வராது. அமெரிக்காவில் இடைவெளி 10 கிலோஹெர்ட்ஸ். அங்கிருந்து வந்த பெட்டியில் இதை மாற்றும் வசதி இல்லாவிட்டால், 936ஐப் பிடிக்கத் தேடும்போது 930க்கும் 940க்கும் தாவும்.

3. எஸ்எஸ்பி: அமெச்சூர் ரேடியோ பேச்சு, சாதாரண ரேடியோவில் வாத்து கத்துவது போல் கேட்கும். அதை மனிதப் பேச்சாக மாற்றுவது எஸ்எஸ்பி வசதி. பெட்டியில் 'யுஎஸ்பி', 'எல்எஸ்பி' என்று இரண்டு நிலைகள் இருக்கும். கம்ப்யூட்டர் பழகியவர்கள் இங்கே ஏமாந்துவிடாதீர்கள். இந்த யுஎஸ்பி பென்டிரைவ் செருகும் இடம் அல்ல. அலையின் மேல் பக்கத்தை மட்டும் கேட்பது என்று பொருள். எல்எஸ்பி என்றால் கீழ்ப்பக்கம். 7 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் பேச்சுக்கு எல்எஸ்பி, 14 மெகாஹெர்ட்ஸுக்கு யுஎஸ்பி.

இது விளையாட்டு வசதி மட்டும் அல்ல. ஐதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத், 2004 டிசம்பரில் தன் குழுவோடு அந்தமானின் போர்ட் பிளேரில் அமெச்சூர் ரேடியோ நிலையம் நடத்திக்கொண்டிருந்தார். டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கித் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. அப்போது தீவில் உள்ளவர்களைப் பற்றிய தகவல்களைக் கரைக்கு அனுப்பியதில் அவர் நிலையம் பெரும் பங்கு வகித்தது. நாம் வாங்கும் பெட்டியால் பேச முடியாது. ஆனால் இப்படிப்பட்ட பேச்சைக் கேட்க எஸ்எஸ்பி வேண்டும்.

4. பேண்ட்வித் மாற்றும் வசதி: அகலமாக வைத்தால் குரல் இனிமையாக இருக்கும். பக்கத்து நிலையம் குறுக்கிட்டால் குறுக்கிக்கொள்ளலாம்.

5. வெளி ஏரியல் துளை, 'லோக்கல், டிஎக்ஸ்' சுவிட்ச்: பலமான நிலையங்கள் குழப்பும்போது லோக்கல் நிலைக்குத் தள்ளினால் அடங்கும்.

6. லைன் அவுட் துளை: கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும் என்றால் மிக உதவும். வால்யூமைக் கூட்டினாலும் குறைத்தாலும் இதில் வரும் ஒலி ஒரே அளவாக இருக்கும்.

7. என்ன செல்?: இதைத்தான் எல்லோரும் கடைசியில் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பென்டார்ச் செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். சார்ஜ் செய்யும் தனி வகை பேட்டரி, கரண்ட் இல்லாத நான்காம் நாளில் வெறும் எடை.

சில மாடல்கள்

சோனி ஐசிஎப்-எஸ்டபிள்யூ7600ஜிஆர்: 2001ல் வந்தது. இப்போது தயாரிப்பில் இல்லை. 4 பென்டார்ச் செல், எஸ்எஸ்பி, லைன் அவுட், வெளி ஏரியல் துளை எல்லாம் உண்டு. நிலையம் மங்கி மங்கி வரும்போது குரல் சிதையாமல் காக்கும் 'சிங்க்' என்ற வசதியும் உண்டு. டியூனிங் குமிழ் கிடையாது, பட்டன்தான். பேண்ட்வித் மாற்ற முடியாது.

டெக்சன் பிஎல்-660, பிஎல்-680: இவையும் 4 பென்டார்ச் செல்லில் ஓடுபவை. எஸ்எஸ்பி, சிங்க் இரண்டும் உண்டு. குமிழும் எண் பலகையும் இருப்பதால் புதியவர்களுக்கு எளிது.

டெக்சன் பிஎல்-330: சட்டைப் பையில் அடங்கும். பழைய நோக்கியா பட்டன் போன்களில் வந்த பிஎல்-5சி வகை பேட்டரி போடுவதால், செல்போன் கடையிலேயே மாற்று பேட்டரி வாங்கலாம்.

எக்ஸ்எச்டேட்டா டி-808: பேண்ட்வித் மாற்றவும் எஸ்எஸ்பி கேட்கவும் வசதி உண்டு. சார்ஜ் செய்யும் 18650 வகை பேட்டரி. சார்ஜ் ஏறும்போது கேட்டால் சார்ஜரின் இரைச்சலும் சேர்ந்து வரும். சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்.

எங்கள் பகுதியில் இன்னொரு வழியும் இருக்கிறது. பக்கத்து ஆரோவில்லுக்கு வரும் வெளிநாட்டினர் ஊர் திரும்பும்போது பழைய ரேடியோக்களை விற்றுவிட்டுப் போவதுண்டு. அப்படி வாங்குபவர்கள் மூன்றைக் கவனியுங்கள். அடாப்டரில் 120 வோல்ட் அல்லது 100 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால், அது அமெரிக்காவுக்கோ ஜப்பானுக்கோ உரியது. நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைந்துவிடும். ஜப்பானில் மட்டும் விற்ற பழைய பெட்டிகளில் பண்பலை 76ல் தொடங்கி 90 அளவிலேயே முடிந்துவிடலாம், அப்படியானால் 102.8 கிடைக்காது. செல் போடும் இடத்தைத் திறந்து பச்சை, வெள்ளைப் பூஞ்சை படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடையில் சோதிக்கும் முறை

கடைக்குள் டியூப்லைட்டும் கம்ப்யூட்டரும் இருப்பதால் எந்த ரேடியோவும் இரையும். பெட்டியை வாசலுக்கு எடுத்து வாருங்கள். 10000 கிலோஹெர்ட்ஸை அழுத்துங்கள். சீனாவின் பிபிஎம் என்ற நேரக் குறியீட்டு நிலையம் அதில் நொடிக்கு ஒரு 'டிக்' என்று அனுப்புகிறது. பகலில் 15000, இரவில் 5000 எண்களிலும் முயலலாம். இரண்டு பெட்டிகளை அடுத்தடுத்து இதே எண்ணில் வைத்துக் கேட்டால், எதன் காது கூர்மை என்று தெரிந்துவிடும். பிறகு 102.8 பண்பலையும், ஏதாவது ஒரு மத்திய அலை நிலையமும் கேட்டுப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் எழுப்பும் இரைச்சல்

புது ரேடியோவை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பலரும் சொல்லும் புகார், 'ஒரே கரகரப்பு, பெட்டி சரியில்லை' என்பது. பெரும்பாலும் பெட்டி நன்றாகத்தான் இருக்கும், வீடுதான் இரைகிறது. கம்ப்யூட்டருக்குள் உள்ள பவர் சப்ளை, நொடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரத்தை விட்டு விட்டு இயக்கி வேலை செய்கிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ரேடியோ அலையும் வெளியேறுகிறது. லேப்டாப் அடாப்டர், செல்போன் சார்ஜர், மலிவான எல்இடி பல்பு, இன்வெர்ட்டர் எல்லாமே இதே வகை. எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க இப்படிச் செய்திடுங்கள்:

1. இரவு 9 மணிக்கு மேல், ரேடியோவில் செல் போட்டு, 49 மீட்டரில் மெதுவாகக் கேட்கும் ஒரு நிலையத்தைப் பிடியுங்கள்.
2. கம்ப்யூட்டரை முறைப்படி ஷட்டவுன் செய்திடுங்கள்.
3. வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். இப்போது இரைச்சல் குறைந்தால், அது உங்கள் வீட்டில் இருந்து வருவது. குறையாவிட்டால் பக்கத்து வீடோ மின்கம்பியோ காரணம்.
4. மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டு பல்பு, சார்ஜர், மோடம், மானிட்டர், கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் இரைச்சல் எழுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் செய்தபோது முதல் இடம் கூடத்தில் உள்ள ஒரு எல்இடி பல்புக்கு. அடுத்த இடம் லேப்டாப் அடாப்டருக்கு. பல்பை மாற்றினேன். ரேடியோ கேட்கும்போது லேப்டாப்பை அதன் பேட்டரியில் ஓட்டுகிறேன். மற்றபடி எல்லாவற்றுக்கும் பெரிய மருந்து தூரம்தான். கம்ப்யூட்டர் மேசையில் இருந்து 5 மீட்டர் தள்ளி வாசல் திண்ணைக்குப் போனாலே பாதி இரைச்சல் போய்விடும். தோப்பு வரை நடந்தால் மீதியும் போய்விடும்.

ஏரியலும் உப்புக் காற்றும்

ரேடியோவுக்கு அதிகப் பணம் போடுவதைவிட 7 மீட்டர் மெல்லிய இன்சுலேட்டட் காப்பர் வயர் வாங்குவது லாபம். ஒரு முனையை ஏரியல் துளையில் பொருத்துங்கள், அல்லது கம்பி ஏரியலில் கிளிப் போட்டு மாட்டுங்கள். மறு முனையை ஜன்னல் வழியாக ஒரு மரக்கிளைக்குக் கட்டுங்கள். மின்கம்பிக்கு மேலேயோ பக்கத்திலேயோ எக்காரணம் கொண்டும் வயர் போகக்கூடாது. இடி இடிக்கத் தொடங்கியதும் வயரைக் கழற்றி வெளியே விட்டுவிடுங்கள். புயல் நாளில் ரேடியோவின் சொந்த ஏரியலே போதும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று பெரிய எதிரி. கடற்கரையில் இருந்து திரும்பியதும் இழுக்கும் ஏரியலைக் காய்ந்த துணியால் துடைத்து மூடுங்கள். வாரக்கணக்கில் பயன்படுத்தாவிட்டால் செல்களை எடுத்துவிடுங்கள். செல் தொடும் தகடுகள் மங்கினால் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில், மருந்து டப்பாக்களில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றையும் போட்டு வைத்தால் பெட்டி பல ஆண்டு உழைக்கும்.

கம்ப்யூட்டரின் உதவி

இரைச்சல் எழுப்பும் அதே கம்ப்யூட்டர்தான் சிற்றலை கேட்பவருக்குச் சிறந்த உதவியாளனும் கூட.

அட்டவணை: சிற்றலை நிலையங்கள் ஆண்டுக்கு இருமுறை அலைவரிசைகளை மாற்றுகின்றன, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அதற்கான நாள்கள். 'ஐபி' என்ற ஜெர்மானியப் பட்டியலை இன்டர்நெட்டில் இலவசமாக டவுன்லோடு செய்யலாம். அதை எக்ஸெல் போன்ற புரோகிராமில் திறந்து, மொழி, நேரம் என்று வரிசைப்படுத்திக்கொள்ளலாம். அதில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். 14.00 என்றால் நமக்கு இரவு 7.30. தேவையான பக்கத்தை அச்சிட்டு ரேடியோ பையில் வைத்துவிடுங்கள். கரண்ட் இல்லாதபோது எக்ஸெல் திறக்காது.

வாங்கும் முன் ஒத்திகை: நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம், தன் சிற்றலை ரிசீவரை 2008 முதல் இன்டர்நெட்டில் எல்லோரும் பயன்படுத்தத் திறந்துவிட்டிருக்கிறது. 'வெப் எஸ்டிஆர்' என்று தேடினால் கிடைக்கும். பிரவுசரிலேயே அலைவரிசையை மாற்றிக் கேட்கலாம், எஸ்எஸ்பியும் பழகலாம். ஆனால் நீங்கள் கேட்பது அந்த ஊர் வானத்தை. உங்கள் ஊரில் என்ன கேட்கும் என்பதை உங்கள் ரேடியோதான் சொல்லும்.

பதிவு செய்தல்: ரேடியோவின் லைன் அவுட்டில் இருந்து கம்ப்யூட்டரின் நீல நிற லைன் இன் துளைக்கு ஒரு ஸ்டீரியோ கேபிள் போடுங்கள். இளஞ்சிவப்பு நிற மைக் துளையில் போட்டால் ஒலி பெருகிச் சிதையும். லேப்டாப்பில் ஒரே துளைதான் இருக்கிறது என்றால், லைன் இன் உள்ள சிறிய யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு:

1. ஆடாசிட்டி என்ற இலவசப் புரோகிராமை இன்ஸ்டால் செய்து திறக்கவும்.
2. ரெக்கார்டிங் சாதனமாக லைன் இன் அல்லது யுஎஸ்பி சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுக்கவும்.
3. மோனோ என்பதைத் தேர்ந்தெடுக்கவும். சிற்றலைக்கு ஸ்டீரியோ தேவையில்லை.
4. சிவப்பு பட்டனை அழுத்திப் பேசும் குரலைப் பாருங்கள். அளவுகாட்டி, உச்சத்தில் மைனஸ் 6 அருகே நிற்கும்படி வைக்கவும்.
5. முடிந்ததும் எம்பி3 ஆக எக்ஸ்போர்ட் செய்திடவும். பைல் பெயரில் தேதி, நேரம், அலைவரிசை மூன்றையும் எழுதவும்.

ஒரு மணி நேர மோனோ பதிவு வேவ் பைலாக இருந்தால் சுமார் 317 எம்பி இடம் பிடிக்கும். 64 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 29 எம்பிதான். நிலையத்துக்கு நீங்கள் கேட்ட விவரத்தை எழுதி, ஒரு நிமிடப் பதிவையும் மின்னஞ்சலில் இணைத்தால், கியூஎஸ்எல் எனப்படும் வண்ண அட்டையை அனுப்பும் நிலையங்கள் உண்டு.

கம்ப்யூட்டரையே ரேடியோ ஆக்கலாமா?

ஆக்கலாம். டிவி பார்ப்பதற்காக வந்த ஒரு வகை யுஎஸ்பி டாங்கிளை ரேடியோ ரிசீவராகப் பயன்படுத்த முடியும் என்பது 2012ல் பரவலாகத் தெரியவந்தது. ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்று பெயர். சாதாரண டாங்கிள் சுமார் 24 மெகாஹெர்ட்ஸில்தான் தொடங்கும். சிற்றலை அதற்குக் கீழே. எனவே சிற்றலையும் எடுக்கும் என்று குறிப்பிட்டுள்ள வகையைக் கேட்டு வாங்க வேண்டும். மானிட்டரில் ஒரு பேண்ட் முழுவதும் அருவி போல் ஓடுவதைப் பார்ப்பது இனிமையான அனுபவம். ஆனால் இது இரண்டாவது ரிசீவராக இருக்கலாம்; முதலாவதாக இருக்கக்கூடாது. இரைச்சல் எழுப்பும் கம்ப்யூட்டரிலேயே செருக வேண்டும். கம்ப்யூட்டர் அணைந்தால் இதுவும் அணையும்.

என் விருப்பம்

எனக்குப் பிடித்த பெட்டி எது என்றால், சோனி 7600ஜிஆர். ஆரோவில் நண்பர் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. மேசைப் பெட்டிகள் இதைவிட நன்றாகக் கேட்கும் என்பது தெரியும். ஆனால் நான்கு பென்டார்ச் செல்லில் ஓடி, தோப்பிலும் கடற்கரையிலும் கேட்டு, வீடு திரும்பியதும் லைன் அவுட் வழியாக கம்ப்யூட்டரில் பதிவும் ஆகும் பெட்டி எனக்கு இதுதான். புதிதாகத்தான் வாங்குவேன் என்பவர்கள் பிஎல்-680 பக்கம் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ரேடியோவை நீங்கள் மட்டும் பயன்படுத்தப் போவதில்லை. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்து ஓய்ந்த என் மாமா, இந்தப் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முள்ளு எங்கடா இருக்குது?" என்று கேட்டார். "முள்ளு கிடையாது மாமா, 1ஐ அழுத்துங்க, பாண்டி வரும். 2ஐ அழுத்துங்க, மெட்ராஸ் வரும்" என்று நினைவகத்தில் ஏற்றிக் கொடுத்தேன். எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டியின் முதுகில் ஒட்டினேன். இப்போது நான் வெளியூரில் இருந்தாலும் அவரே கேட்டுக்கொள்கிறார்.

நீங்களும் வாங்கியதும் இதைச் செய்திடுங்கள். முதல் இரண்டு நினைவகங்களில் உள்ளூர்ப் பண்பலை, ஒரு மத்திய அலை நிலையம். பையில் நான்கு உபரி செல். அக்டோபர் பிறந்ததும், மழைக்காலம் தொடங்கும் முன், வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடம் கொடுத்து இருட்டில் ஒருமுறை இயக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவரால் முடிந்தால், நீங்கள் வாங்கியது சரியான ரேடியோ.